மாடிப்படி சுவிட்ச் வைத்த தோணி

சத்தியம் ஓய், சத்தியம்! உரக்கவே சொல்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இதோ இந்த மக்ரூனில் ஒட்டிக்கொண்டு கழன்று வரட்டும், நான் செத்தால் என் பெட்டியைத் தூக்க ஆள் கிடைக்காமல் போகட்டும், எனக்காக அடிக்கும் கோயில் மணிக்கு நாக்கு அறுந்து விழட்டும். போதுமா? இதற்கு மேல் கேட்டால் மாதாவைத்தான் இழுக்க வேண்டும். அவளை இழுப்பது சரியில்லை, ஏனென்றால் அந்தத் தோணிக்கே அவள் பெயர்தான்.

தஸ்நேவிஸ். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் வற்றல் மிளகாயும் ஏற்றிக்கொண்டு, மூன்று பாயையும் விரித்து மாலத்தீவுக்குப் போய், மாசிக்கருவாட்டோடு திரும்பி வரும் தோணி. அதை ஓட்டிய தண்டல் பங்கிராசு எங்கள் தெருக்காரன். தோணிக்குச் சொந்தக்காரி அவன் பெண்டாட்டி அமலோற்பவம், அவள் அப்பன் வழியில் வந்த சொத்து. ஆகையால் கடலில் அவன் சொல், கரையில் அவள் சொல் என்று ஒரு ஏற்பாடு, அது கல்யாணத்தன்றே முடிவானது.

அந்தத் தோணிக்குள் எத்தனை காலத்து வெங்காயம் ஏறி இறங்கியதோ, தண்டல் அறையின் தேக்குப் பலகை முழுக்க அந்த வாடை ஊறிப்போய், பலகையிலிருந்து பங்கிராசின் சட்டைக்கும், சட்டையிலிருந்து தோலுக்கும் ஏறி, அவன் கரைக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் படுத்தாலும் ஒரு வெங்காய மூட்டையை உருட்டிக்கொண்டுவந்து பக்கத்தில் போட்டதுபோலத்தான் இருக்கும். ஒரு நாள் அமலோற்பவம் தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, "இந்தா பாருங்க, ஒண்ணு தோணிய மாத்துங்க, இல்ல படுக்கைய மாத்துங்க" என்றாள்.

அவன் தோணியை மாற்றினான். அதாவது, உள்ளே உள்ளதை எல்லாம். தேக்குப் பலகையைக் கழற்றிவிட்டு, மெட்ராசில் மச்சினன் வீட்டில் பார்த்ததுபோல பளபளவென்று சன்மைக்கா ஒட்டுவது. எலி பாதி தின்று உப்பு மீதி தின்ற பழைய வயரையெல்லாம் உருவிப் போட்டுவிட்டுப் புது வயர் இழுப்பது. இதுதான் திட்டம்.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கயிற்றுக்காரத் தெருவில் தோணிப் பலகையை விற்க மாட்டோம், எரிக்கவும் மாட்டோம். கழற்றிய பலகை தெருவுக்குப் பொது. வேண்டியவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போகலாம். அப்படித்தான் தஸ்நேவிஸின் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் எங்கள் வீடுகளுக்கு வந்து, ஒரு வீட்டில் கதவானது, ஒரு வீட்டில் கட்டிலானது, ஒரு வீட்டில் ஆட்டுக்கொட்டிலுக்குத் தடுப்பானது. எல்லாருக்கும் முன்னால் வரிசையில் நின்று, நல்ல பலகையாகப் பொறுக்கி, தண்டல் அறையின் ஒரு பக்கத்தையே முழுசாக வாரிக்கொண்டு போனவர் ரெமிஜியுஸ் மச்சாது. உப்பளத்தில் எடை எழுதுகிறவர், கனத்த சரீரம், கடற்கரை ஊரில் பிறந்தும் கணுக்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனுஷன். அவர் அந்தப் பலகையில், வடக்குச் சுவரையே மறைக்கிற மாதிரி ஓர் அலமாரி அடித்துக்கொண்டார்.

வயர் இழுக்க வந்தவன் ஐயம்பெருமாள். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், கைசுத்தமான வயர்மேன், ஆனால் அவன் அதுவரை வயரிங் செய்ததெல்லாம் வீடு. ஆகவே தோணிக்கும் வீடு மாதிரியே செய்தான். தண்டல் அறை வாசலில் காலிங்பெல் வைத்தான். அந்தோணியார் படத்துக்கு முன்னால் ஜீரோ வாட் பல்பு வைத்தான். பங்கிராசு சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு சுவிட்சின் முன்னால் நின்றான்.

"இது என்னய்யா, வயரு ரெண்டு மூணா போகுது?"

"மாடிப்படி சுவிட்ச் அண்ணாச்சி. கீழ போட்டு மேல அணைக்கலாம். மேல போட்டுக் கீழ அணைக்கலாம்."

"தோணியில மாடி எங்கய்யா இருக்கு?"

ஐயம்பெருமாள் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "பின்னால கட்டிக்கிடலாம் அண்ணாச்சி" என்றான்.

அந்த சுவிட்சின் இன்னொரு முனையை, சோதித்துப் பார்ப்பதற்காக, தோணியிலிருந்து கழற்றி அமலோற்பவத்தின் அடுப்படியில் கிடந்த தேக்குத் துண்டு ஒன்றில் திருகி வைத்திருந்தான். மாட்ட மாடி இல்லாததால் வயரைக் கத்தரித்துவிட்டு, துண்டை அங்கேயே ஆணியில் தொங்கவிட்டுப் போய்விட்டான்.

சன்மைக்கா ஒட்டி, வயர் இழுத்து, லாரி பேட்டரி ஏற்றி, தஸ்நேவிஸைத் தண்ணீரில் இறக்கிய அன்று காலையில் எங்கள் தெரு ஆடத் தொடங்கியது.

பயப்படுகிற ஆட்டம் இல்லை. துறைமுகத்தில் கட்டிப் போட்ட தோணி எப்படி ஆடுமோ அப்படி, மெதுவாக இந்தப் பக்கம், மெதுவாக அந்தப் பக்கம், தெரு முழுக்க ஒரே பக்கமாக. கித்தேரியம்மாள் மட்டும், "யாரு வீட்டுலவே தோணிப் பலகை இருக்கு?" என்று வாசலில் நின்று கேட்டாள். எல்லார் வீட்டிலும் இருந்தது. "அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டாள். ஏன் என்று கேட்டவர்கள் அவ்வளவுதான். பிரித்தெடுத்த பலகைக்கு யாரும் பிரிவு சொல்லி அனுப்பவில்லை, அதனால் அது இன்னும் தோணிக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று எங்களுக்கு விளங்கிவிட்டது. விளங்காதது, குழம்பை எப்படி வைப்பது என்பதுதான்.

அதற்கும் வழி கண்டார்கள். சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை என்று ஆனது, தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்துக்கொண்டார்கள், குத்துவிளக்கை இறக்கிவிட்டு உத்தரத்தில் தொங்கும் விளக்கை மாட்டினார்கள், பிள்ளைத்தொட்டிலுக்குக் கயிறு ஆட்ட ஆள் தேவைப்படவில்லை. தெருப் பெண்கள் சந்தைக்குப் போனால் காலை அகட்டி வைத்துப் பழைய மாலுமி மாதிரி நடந்தார்கள், மற்ற தெருக்காரிகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நாவிதர் எங்கள் தெருவுக்குள் கத்தியோடு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், சவரத்துக்கு ஆண்கள் எல்லாம் தெருமுனைக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தொடாமலே மஞ்சள் முகத்தோடு எழுந்து போனார்கள், பிற்பாடு ஒரு மாப்பிள்ளை மட்டும் இரண்டாவது தட்டு கேட்டான், அவனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். குடித்துவிட்டு வருகிறவன் எங்கள் தெருவில் மட்டும் நேராக நடந்தான். பங்குச் சாமியார் மந்திரிக்க வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்று, ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி முகர்ந்துவிட்டு, இது ஆயருக்கு எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை என்று முடிவு செய்தார்.

ஒன்றை மட்டும் நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கித்தேரியம்மாள் காலண்டர் மாட்டுவதற்காகத் தன் பலகைக் கதவில் ஓர் ஆணி அடித்தாள். அதே நேரம் துறைமுகத்தில், புது சன்மைக்காவைத் துளைத்துக்கொண்டு ஆணிமுனை ஒன்று பங்கிராசின் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவன் ஆணியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, "யாரும்மா அடிச்சது?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். பலகைக்குப் பட்டால் தோணிக்குப் படும். அன்றிலிருந்து அந்தப் பலகைகளைக் குழந்தையைத் தொடுகிற மாதிரித்தான் தொட்டோம்.

மச்சாது ஒருவருக்குத்தான் எதுவும் பழகவில்லை. அலமாரியோ பெரிது, அவர் வீடுதான் தெருவிலேயே அதிகம் ஆடியது. வாந்தி வாளியைக் கையில் தூக்கிக்கொண்டே எடை எழுதப் போனார். சோறு தங்கவில்லை. அலமாரியின் இரண்டு கதவுகளைக் கழற்றிக்கொண்டுபோய் பஸ் நிறுத்தத்தில் போட்டுப் பார்த்தார். பஸ் நிறுத்தம் ஆடியது, திருச்செந்தூருக்கு நின்றவர்கள் எல்லாம் உட்கார்ந்துகொண்டு கப்பல் எப்போது என்று கேட்டார்கள், கடைசியில் அங்குள்ளவர்கள் திட்டியதால் கதவுகளைத் திரும்பத் தூக்கிவந்தார். பிறகு நேராகத் துறைமுகத்துக்குப் போனார். தோணியில் ஏறாமல், கரையில் நின்றே கத்தினார்.

"ஏ பங்கிராசு! ஒம் பலகைய நீயே எடுத்துக்க. திரும்ப மாட்டிக்க."

"எங்கண்ணே மாட்ட? சன்மைக்கா ஒட்டியாச்சு. வெங்காயம் ஏத்தியாச்சு. காத்து திரும்பறதுக்குள்ள போய்ட்டு வந்திருதேன். வந்து பேசுவோம்."

"நீ வர்ற வரைக்கும் நான் இருக்கணும்லா? அலமாரியக் கொத்தி வெந்நி அடுப்புல வச்சிருவேன், பாத்துக்க."

பங்கிராசு சிரிக்கவில்லை. "ஏழு பேர் போறோம்ணே" என்று மட்டும் சொன்னான். கயிறை அவிழ்த்தான்.

அன்று முதல் அமலோற்பவத்துக்கு வேலை வேறானது. விடிந்ததும் வீடு வீடாகப் போய், கட்டிலைத் தடவி, கதவைத் தடவி, ஆட்டுக்கொட்டில் தடுப்பை ஆடு கடிக்கிறதா என்று பார்த்து, கடைசியாக மச்சாது வீட்டு வாசலில் வந்து நிற்பாள். வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் கோடாலி சாத்தியிருப்பது வாசலிலிருந்தே தெரியும். அவர் ஒரு கொத்துக் கொத்தினால் நடுக்கடலில் தோணிக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, துடைக்கிற சாக்கில், அடுப்படியில் தொங்கிய அந்தத் தேக்குத் துண்டின் சுவிட்சைத் தட்டினாள் பாரும், கொஞ்ச நேரத்தில் அது தானாகவே 'டக்' என்று மேலே ஏறிக்கொண்டது. மறுபடி தட்டினாள். மறுபடி 'டக்'. அவளுக்கு விளங்கிவிட்டது. இவள் இங்கே போட்டால் அங்கே தண்டல் அறையில் விளக்கு எரிகிறது, அவன் அங்கே அணைத்தால் இங்கே சுவிட்ச் புரள்கிறது. கத்தரித்த வயர் நுனி சுவரோரம் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு தினமும் ஜெபமாலை முடிந்ததும் தெருப் பெண்கள் எல்லாம் அவள் அடுப்படியில் கூடுவார்கள். இவள் ஒன்று தட்டுவாள். அங்கிருந்து ஒன்று வரும். அவ்வளவுதான் பேச்சு.

"இதென்ன மைனி, ஒத்தையா தட்டுதீங்க? ஆசையா நாலு தட்டு தட்டுங்க" என்பாள் கித்தேரியம்மாள்.

"பேட்டரி தீந்திரும்" என்பாள் அமலோற்பவம். ஆனால் எல்லாரும் போன பிறகு நாலு தட்டுவாள். எங்களுக்குத் தெரியும், தெருவே கேட்கும்.

தோணி மாலத்தீவுக்குப் போய்ச் சேர்ந்து சரக்கை இறக்கியது, தெருவின் ஆட்டமும் தணிந்தது. கருவாடு ஏற்றிக்கொண்டு கிளம்பியது, தெருவும் கிளம்பியது. திரும்பி வரும் வழியில்தான் அது நடந்தது. எங்கள் ஊரில் நல்ல வெயில், ஓய். மத்தியானம். மாடியில் வடகம் காய்கிறது, கொடியில் போட்ட துணி அசையவில்லை, வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஆனால் தெருவில் உள்ள கதவெல்லாம் முனகத் தொடங்கியது. வீடுகள் எழுந்தன, விழுந்தன. கட்டில்கள் ஓடிப் போய்த் தெற்குச் சுவரில் முட்டின. கட்டாந்தரையில் உப்புத்தண்ணீர் வாடை எழுந்தது. தெருமுனையில் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தவன் நின்று வேடிக்கை பார்த்தான், அவன் கால் வைத்திருந்த இடம் அசையவில்லை, எங்கள் வாசல்கள் அவன் கண் முன்னால் ஏறி இறங்கின.

அமலோற்பவம் சுவிட்சின் முன்னால் நின்றிருந்தாள். அது டக் டக் டக் என்று தானே அடித்துக்கொண்டது, பிறகு மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் நடுவில் போய் நின்றுவிட்டது. அதே நேரம் தெரு முழுக்கத் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்து, திரும்பி வரவில்லை. சாய்ந்தபடியே நின்றது.

திரும்பி வராத சாய்வு என்றால் என்ன என்று கடல்காரன் பெண்டாட்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி, பங்கிராசு நடுக்கடலில் ஆட்களைக் கூப்பிடுகிற அதே குரலில் கத்தினாள்.

"எல்லாரும் மேட்டுப் பக்கம் ஏறுங்க! வடக்குச் செவுருக்கு! கையில கெடச்சதெல்லாம் வடக்க தள்ளுங்க!"

தோணி ஒரு பக்கம் சாய்ந்தால் ஆட்கள் மறுபக்கம் ஏறிப் பாரம் கொடுப்பார்கள். தோணியில் ஏழு பேர்தான் இருந்தார்கள். தெருவில் நாங்கள் இருந்தோம். அரிசி மூட்டையை உருட்டினோம், ஆட்டுரலைத் தள்ளினோம், தையல் மிஷினைத் தூக்கினோம், கித்தேரியம்மாளின் மாமியாரைக் கட்டிலோடு மேட்டில் ஏற்றினோம், அவள் கட்டிலில் படுத்தபடியே எங்களை ஏசிக்கொண்டு வந்தாள். ஆணும் பெண்ணும் பிள்ளையும் ஆடும் வடக்குச் சுவரில் முதுகை ஒட்டி நின்றோம். தெரு நடுங்கியது. ஒரு விரற்கடை நிமிர்ந்ததுபோல இருந்தது. அதற்கு மேல் வரவில்லை.

ஒரு வீடு பாக்கி இருந்தது.

அமலோற்பவம் போனபோது மச்சாது தெற்குச் சுவரோரம் வாளியோடு சரிந்து கிடந்தார். முகம் முருங்கைக்கீரை நிறம். மடியில் கோடாலி. எதிரே, மேட்டின் உச்சியில், அலமாரி.

"தங்கச்சி, என்னால முடியல. குடலு வெளிய வந்திரும் போல இருக்கு. ஒரே ஒரு கொத்து. எல்லாம் நின்னுரும்."

அவள் காலில் விழப் போகிறாள் என்று நான் நினைத்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், என் சுவரை விட்டுவிட்டு. அவள் விழவில்லை. வழியை மறிக்கவும் இல்லை.

"கொத்துங்கண்ணே" என்றாள். "ஆனா அங்க இருந்து எறிஞ்சா படாது. மேல ஏறிப் போயித்தான் கொத்தணும்."

அவர் கோடாலியைப் பல்லுக்கிடையில் கவ்வ முடியாமல், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்காலில் தவழ்ந்து அந்தத் தரை மேட்டில் ஏறத் தொடங்கினார். பாதியில் சறுக்கினார். வாந்தி எடுத்தார். மறுபடி ஏறினார். உச்சிக்குப் போனதும், விழாமல் இருப்பதற்காக அலமாரியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். அவ்வளவு கனத்த சரீரம் மொத்தமும் அந்தப் பலகையில் சாய்ந்தது.

அடியில் எதுவோ புரண்டதை நாங்கள் எல்லாரும் உள்ளங்காலில் உணர்ந்தோம்.

மச்சாதின் கன்னம் பலகையில் ஒட்டியிருந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழு பேர் ஓடுகிற காலடி, ஒருவன் அழுகிற சத்தம், பங்கிராசு மாதாவையும் பாய்க்கயிற்றையும் ஒரே மூச்சில் திட்டுகிற சத்தம், எல்லாம் தனக்குக் கேட்டது என்று பிற்பாடு சொன்னார். கோடாலி கக்கத்திலிருந்து நழுவி, தரையில் சறுக்கி, வாளியில் போய் மோதி நின்றது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு காலையும் அலமாரியின் மேல் தூக்கிப் போட்டு இன்னும் இறுக்கிக்கொண்டார். கணுக்காலுக்கு மேல் கடல் படாத மனுஷன், ஓய், வெயில் காய்கிற ஒரு மத்தியானத்தில், ஒரு தோணியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

தெரு எழுந்தது. முனகிக்கொண்டே, சொட்டிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. நிமிர்ந்தும் யாரும் சுவரை விட்டு அசையவில்லை. அமலோற்பவம் மட்டும் தன் அடுப்படிக்குப் போனாள். சுவிட்ச் நடுவிலேயே நின்றிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. தொட்டால் அது தன் கை, அவன் கை இல்லை. அவள் நின்றாள். நாங்கள் சுவரோடு சுவராக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வடகம் காய்ந்தது. ஐஸ்காரன்கூட மணியடிக்கவில்லை.

டக்.

பிறகு, டக், டக், டக். நாலு.

அமலோற்பவம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பேட்டரி தீந்திரும்யா, பேட்டரி தீந்திரும்" என்று அந்தத் துண்டுப் பலகையிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

தோணி வந்தது. பாய் கிழிந்து, பாய்மரம் ஒன்று ஒடிந்து, ஆட்கள் ஏழு பேரும் முழுசாக. பங்கிராசு வெட்கப்பட்டுக்கொண்டே எங்களை அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினான். பளபளக்கும் சன்மைக்காவில், ஈரச்சுவரில் பதிந்ததுபோல, ஓர் ஆளின் கன்னமும் இரண்டு உள்ளங்கையும் பதிந்திருந்தன. மீசைகூடத் தெளிவாக. மச்சாது உள்ளே வரவில்லை, கரையிலேயே நின்றார். "கடலுக்கும் எனக்கும் ஒண்ணும் கெடையாது" என்றார்.

சன்மைக்காவை உரித்தார்கள். தெரு முழுக்கப் பலகையைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தது. வெங்காய வாடை பரவாயில்லை என்று அமலோற்பவமே சொன்னாள். ஐயம்பெருமாள் வந்து, அடுப்படித் துண்டையும் கேட்டபோது, பங்கிராசுதான் தடுத்தான். "அது மாடிப்படி சுவிட்சுல்லா. தோணியில மாடி ஏது? அது அங்கனயே கெடக்கட்டும்." மச்சாதும் அலமாரியைப் பிரித்து, பலகை பலகையாக, எல்லார் கண் முன்னாலும் கொடுத்தார்.

தெரு நின்றது. முதல் நாள் யாருக்கும் தூக்கம் வரவில்லை, பிள்ளைகள் அழுதன, குடிகாரன் விழுந்தான். பிறகு பழகிவிட்டது, எதுதான் பழகாது.

இப்போது கொஞ்சம் கிட்டே வாரும். குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். மச்சாது வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இந்த ஒரே சுவர். அதில் தொங்குகிற காலண்டரைப் பாரும். காற்று இல்லை. அசைகிறதா? அவர் ஒரே ஒரு பலகையை மட்டும் கொடுக்கவில்லை, ஓய். மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறார். தஸ்நேவிஸ் கடலில் இருக்கும் நாட்களில், உடம்பு சரியில்லை என்று உப்பளத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு, வாளியை மடியில் வைத்துக்கொண்டு, வடக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எல்லாரிடமும், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும்கூட, எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றுதான் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த மக்ரூன் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தீர்?

அதனால் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லும், நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதேயும். யாராவது கேட்டால், தெருவில் நின்ற ஐஸ்காரன் சொன்னான் என்று சொல்லும். போகிறபோது அந்தக் காப்பி டம்ளரைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைத்துவிட்டுப் போம். கடலில் ஆள் இருக்கிறது.